வானம் தெளிந்த பிறகும் விலகாத ஆபத்து: பனிச்சரிவு எப்படி நிகழ்கிறது?

மலைப்பகுதியில் கடும் பனிப்பொழிவு என்று செய்தி வந்தால், அதன் கடைசி வரியில் பனிச்சரிவு எச்சரிக்கையும் இருக்கும். இரண்டையும் சேர்த்தே படித்துப் பழகிவிட்டதால், அதிகப் பனி விழுந்தால் சரிவு வரும், குறைவாக விழுந்தால் வராது என்று நாமே ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறோம். அந்தக் கணக்கு பாதிதான் சரி. இரண்டு மீட்டர் பனி விழுந்தும் அசையாமல் நிற்கும் சரிவுகள் உண்டு. ஒரு முழம்கூடத் தேறாத புதுப்பனியோடு ஆளை விழுங்கியவையும் உண்டு. எவ்வளவு விழுந்தது என்பது முதல் கேள்விதான். எதன்மேல் விழுந்தது, எத்தனை மணி நேரத்தில் விழுந்தது, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதெல்லாம் தெரியாமல் அந்த முதல் பதிலை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பனிச்சரிவு என்றதும், உச்சியில் தானாகப் பிளந்து, கீழே போய்க்கொண்டிருக்கும் அப்பாவி மேல் வந்து விழும் காட்சிதான் மனதில் ஓடும். பனிச்சறுக்குக்கும் மலையேற்றத்துக்கும் செல்வோர் சிக்கும் விபத்துகளில் பத்தில் ஒன்பது அப்படி நிகழ்வதில்லை. சிக்கியவரோ அவருடன் சென்றவரோ கால் வைத்ததால்தான் அந்தச் சரிவே கிளம்பியிருக்கிறது. கிளப்புவது மனிதர் என்றால், கிளப்பாமல் இருக்கவும் மனிதரால் முடியும். மற்ற பல இயற்கைப் பேரிடர்களில் இந்த வசதி இல்லை.

அடுக்கடுக்காக ஒரு குளிர்காலம்

மலைமேல் கிடக்கும் பனி, தொலைவிலிருந்து பார்த்தால் ஒரே வெள்ளைப் பொருள். மண்வெட்டியால் தரைவரை செங்குத்தாக வெட்டி, வெட்டிய முகத்தைக் கையால் தடவிப் பார்த்தால் சங்கதி வேறு. குளிர்காலத்தின் முதல் பனி அடியில் கிடக்கும். அதற்குமேல் ஒவ்வொரு பனிப்பொழிவும், இடையில் வெயில் காய்ந்த நாட்களும், எப்போதோ ஒருநாள் தூறிய மழையும் தனித்தனி அடுக்காகப் பதிந்திருக்கும். ஓர் அடுக்கில் முஷ்டி முழுதும் உள்ளே போய்விடும். அடுத்ததில் நான்கு விரல், அதற்கடுத்ததில் ஒரு விரல், பிறகு பென்சில், கடைசியில் கத்திதான் இறங்கும். பனி ஆய்வாளர்கள் அடுக்குகளின் கடினத்தைக் குறித்துவைக்கும் அளவுகோலே இதுதான்: முஷ்டி, நான்கு விரல், ஒரு விரல், பென்சில், கத்தி. எத்தனையோ கருவிகள் வந்த பிறகும் இது வழக்கொழியவில்லை. கை எப்போதும் கூடவே வருகிறதே.

புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுதான். குளிர்ந்த, காற்றடிக்காத நாளில் விழும் பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ இருக்கும்; அதே கன அளவுத் தண்ணீரின் எடை 1,000 கிலோ. விழுந்த கணத்திலிருந்தே படிகங்களின் மெல்லிய கிளைகள் உடைகின்றன, முனைகள் மழுங்குகின்றன, பக்கத்துப் படிகத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. மொத்தப் பனியும் அமுங்கி இறுகுகிறது. தொந்தரவு செய்யாமல் சில நாள் விட்டுவைத்தால் புதுப்பனி பெரும்பாலும் தானாகவே உறுதிப்பட்டுவிடும்.

இதற்கு நேரெதிரான மாற்றமும் அதே பனிக்குள் நடப்பதுண்டு. பனிக்கு அடியிலுள்ள தரை ஏறத்தாழ 0 டிகிரியில் நிற்கும். மேலே காற்று மைனஸ் 15, மைனஸ் 20 என்று இறங்கியிருக்கும். பனி மூன்று மீட்டர் தடிமனாக இருந்தால் இந்த வித்தியாசம் மூன்று மீட்டருக்குள் பரவிவிடும். நாற்பது சென்டிமீட்டர் பனிதான் கிடக்கிறது என்றால் அத்தனை வித்தியாசமும் அந்த நாற்பதுக்குள் நெருக்கியடிக்கும். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரி என்ற அளவைத் தாண்டிவிட்டால், அடியிலுள்ள படிகங்களிலிருந்து நீராவி கிளம்பி மேலேறி, மேலுள்ள படிகங்களின்மேல் உறையத் தொடங்குகிறது. இப்படி வளரும் படிகங்கள் கோணமும் விளிம்புமாகப் பெருக்கின்றன, ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. கையில் அள்ளினால் சர்க்கரையைப்போல விரலிடுக்கில் உதிர்ந்துவிடும். உருண்டை பிடிக்கவே வராது.

ஆகவே குளிர்காலத் தொடக்கத்தில் கொஞ்சம் பனி விழுந்து, பிறகு வாரக்கணக்கில் வானம் தெளிந்து கடுங்குளிர் நிலவினால், அந்த ஆண்டு கவனமாக இருக்க வேண்டிய ஆண்டு. பனி குறைவாக இருக்கிறது, ஆபத்தும் குறைவு என்று தோன்றும். அந்தக் குறைந்த பனிதான் பின்னால் வரப்போகும் பெரும்பனிக்கு அடித்தளம் ஆகப்போகிறது.

தெளிந்த இரவுகளில் மேற்பரப்பிலும் ஒன்று நடக்கிறது. காற்றிலுள்ள ஈரம் நேரே பனிமேல் படிந்து, மெல்லிய தகடுகளாக நிமிர்ந்து வளரும். காலை வெயிலில் மின்னும். படம் எடுப்பவர்களுக்கு அது விருந்து. அடுத்த பனிப்பொழிவு காற்றில்லாமல் மென்மையாக வந்து அதை மூடிவிட்டால், சில மில்லிமீட்டர் உயரமே உள்ள அந்தத் தகடுகள் நின்ற வாக்கிலேயே புதைந்துபோகும். வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். மேலே நடப்பவருக்கு அவை இருக்கும் தடயமே தெரியாது.

எடை ஏறும் வேகம்

இனி கடும் பனிப்பொழிவுக்கு வருவோம். 50 சென்டிமீட்டர் புதுப்பனி, கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சதுர மீட்டர் மேலும் 50 கிலோ ஏறுகிறது. 100 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் கொண்ட சின்னச் சரிவுக்கே மொத்தம் 250 டன். சாய்வில் கிடப்பதால் இந்த எடையின் ஒரு பகுதி ஓயாமல் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும். அடியிலுள்ள அடுக்கோடு இருக்கும் பிணைப்புதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது.

பிணைப்புக்கு அவகாசம் வேண்டும். மணிக்கு அரை சென்டிமீட்டர் வீதம் நான்கு நாட்கள் விழுந்தாலும் ஏறத்தாழ அரை மீட்டர்தான். மணிக்கு மூன்று சென்டிமீட்டர் வீதம் பதினாறு மணி நேரம் விழுந்தாலும் ஏறத்தாழ அதே அரை மீட்டர்தான். முதல் வகையில் எடை கூடக்கூட அடுக்குகளும் இறுகிக்கொண்டே வரும். இரண்டாவதில் எடை முந்திக்கொள்கிறது. மணிக்கு இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் பல மணி நேரம் கொட்டினால் முன்னறிவிப்பு நிலையங்களில் யாரும் நிம்மதியாகத் தூங்க மாட்டார்கள். பலத்த காற்று, கடுங்குளிர், மோசமான பழைய பனிப்பரப்பு என்று எல்லாம் பாதகமாக அமைந்தால் 10 முதல் 20 சென்டிமீட்டர் புதுப்பனியே மலையேறிக்கு ஆபத்தாகப் போதும். எல்லாம் சாதகமானால் 30 முதல் 60 வரை தாங்கும் என்று ஆல்ப்ஸ் மலையில் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

பாதகங்களில் முதலிடம் காற்றுக்கு. வானத்திலிருந்து பனி விழாத நாளிலும் காற்று ஒரு சரிவின்மேல் பனியைக் கொண்டுவந்து கொட்டும். முகடுக்கு ஒரு பக்கத்திலிருந்து வாரி, மறுபக்கத்தில் இறக்கிவைக்கும். காற்று படும் பக்கம் பாறை தெரியுமளவுக்கு வழிக்கப்பட்டிருக்கும். காற்று மறைவுப் பக்கத்தில், விழுந்த அளவைப் போலப் பல மடங்கு குவிந்திருக்கும். கிராமத்தில் 30 சென்டிமீட்டர் என்று வானிலை அறிக்கை சொன்ன அதே இரவில், மேலே ஒரு மறைவுச் சரிவில் ஒன்றரை மீட்டர் ஏறியிருக்கக்கூடும். அதோடு, காற்றில் உருண்டு வரும் படிகங்கள் நொறுங்கிப் பொடியாகி, நெருங்கிப் படிந்து, கெட்டியான ஒரே பலகையாக இறுகிவிடுகின்றன. இந்தப் பலகை பிற்பாடு முக்கியமாகப் போகிறது. முகட்டின் விளிம்பில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் பனி விதானத்தைப் பார்த்தால், அது நீட்டிக்கொண்டிருக்கும் பக்கம்தான் காற்று பனியைக் குவித்த பக்கம் என்று தெரிந்துகொள்ளலாம்.

வெப்பநிலையின் பங்கும் உண்டு. பனிப்பொழிவு சற்று வெதுவெதுப்பாகத் தொடங்கிக் குளிர்ந்து முடிந்தால் நல்லது. அடியில் ஈரப்பனி ஒட்டிக்கொள்ள, மேலே லேசான பனி அமரும். குளிரில் தொடங்கி வெப்பத்தில் முடிந்தால் நேர்மாறு: அடியில் லேசானது, மேலே கனமானது. பனி கடைசியில் மழையாக மாறுவது எல்லாவற்றிலும் மோசம். எடையும் ஏறும், பிணைப்பும் கரையும்.

விரிசல் ஓடுவது

பனிச்சரிவுகளில் உயிர்களை அதிகம் பறிப்பது பலகைச் சரிவு. மேலே இறுகிய பலகை, அதற்கடியில் உதிரியான பலவீன அடுக்கு (முன்பு பார்த்த சர்க்கரைப் படிகங்களோ புதைந்த தகடுகளோ), அதற்கும் கீழே வழுக்கும் படுகை. ஓர் ஆள் அந்தப் பலகைமேல் நடக்கிறார். அவர் எடை பலகை வழியாக இறங்கி, பலவீன அடுக்கில் ஓரிடத்தை நசுக்குகிறது. நசுங்கியதும் அந்த இடத்துக்குமேல் உள்ள பலகை ஒரு மயிரிழை கீழே இறங்கும். அந்த இறக்கம் பக்கத்துப் படிகங்களை நசுக்கும், அது அடுத்ததை. நொடிக்குப் பத்து இருபது மீட்டருக்கும் மேலான வேகத்தில் விரிசல் பனிக்கடியில் ஓடுகிறது. சாய்வு போதுமான அளவு இருந்தால், மேலே கோடு கிழித்ததுபோல் நேராகப் பிளந்து, மொத்தப் பலகையும் ஒரே நேரத்தில் கிளம்பும். நடந்தவர் அதன் ஓரத்தில் இருக்க மாட்டார்; நட்டநடுவில் இருப்பார். தப்பி ஓடுவது அவ்வளவு அரிதாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

சாய்வு போதாத இடத்தில் விரிசல் ஓடினால் பலகை நகராது. "வும்ம்" என்று அடிவயிற்றில் உணரும்படி ஒரு மந்தமான சத்தம் மட்டும் கேட்கும், காலடியில் தரை லேசாக அமுங்கும். மலை தரக்கூடிய எச்சரிக்கைகளில் இதைவிடத் தெளிவானது இல்லை. அந்தச் சத்தம் கேட்ட பிறகும் செங்குத்தான பகுதிக்குப் போகிறவரை என்ன சொல்வது? காலடியிலிருந்து பனியில் கீறல்கள் பாய்வதும், அக்கம்பக்கத்துச் சரிவுகளில் அன்று அல்லது முந்தைய நாள் சரிந்த தடங்கள் தெரிவதும் இதே வகைச் சான்றுகள்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரு புள்ளியில் தொடங்கி முக்கோணமாக விரியும் உதிர்பனிச் சரிவு பெரும்பாலும் சிறியது, ஆனால் பள்ளத்தின் விளிம்பில் நிற்பவரைத் தள்ளிவிடப் போதுமானது. வெயிலிலோ மழையிலோ ஊறிய ஈரப்பனிச் சரிவு மெதுவாகவே வரும், எதிர்ப்பட்டதையெல்லாம் உருட்டிக்கொண்டு போகும். பெரிய பலகைச் சரிவு நெடுந்தூரம் இறங்கும்போது பனித்தூள் காற்றோடு கலந்து மேகமாக எழும்பினால், அதன் வேகம் மணிக்கு 200, 300 கிலோமீட்டரை எட்டும். பனி வந்து சேருமுன் அதன் காற்றழுத்தமே மரங்களைச் சாய்த்துவிடும்.

எந்தச் சரிவில்?

தொடங்குகிறவர் ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொள்வதானால் சாய்வுக் கோணத்தை அளக்கக் கற்றுக்கொள்ளட்டும். பலகைச் சரிவுகளில் மிகப் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சாய்வுகளில் கிளம்புகின்றன. அதைவிடத் தட்டையாக இருந்தால் இழுக்கும் விசை போதாது. 60 டிகிரிக்கு மேல் செங்குத்தாக இருந்தால் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். ஆபத்தான கோணமும், பனிச்சறுக்குக்குச் சுகமான கோணமும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பது இந்த விளையாட்டின் துரதிர்ஷ்டம். கண்ணால் மதிப்பிட்டால் எல்லோரும் தவறுவார்கள். கைபேசியிலுள்ள சாய்வுமானியே போதும், மலையேற்ற வரைபடங்களில் 30 டிகிரிக்கு மேற்பட்ட பகுதிகளுக்கு வண்ணம் தீட்டியும் வைத்திருக்கிறார்கள்.

தட்டையான இடத்தில் நிற்கிறேன், எனக்கென்ன என்று இருந்துவிடவும் முடியாது. விரிசல் பனிக்கடியில் ஓடுவதால், அடிவாரத்தில் நடப்பவர் தலைக்குமேலுள்ள சரிவைக் கீழிருந்தே கிளப்பிவிடலாம். கிளம்பிய பனி எங்கே போய் நிற்கும் என்பதும் கேள்வி. ஆழமான ஓடையோ குழிவான பள்ளமோ அடியில் இருந்தால், சிறிய சரிவுகூட ஓர் ஆளைப் பல மீட்டர் ஆழத்தில் புதைத்துவிடும். அதே அளவுச் சரிவு அகன்ற சமவெளியில் பரவி நின்றால் முட்டளவில் முடிந்துபோகும்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையையும் தீர்த்துவைக்கலாம். மலையில் உரக்கக் கத்தினால் பனிச்சரிவு வரும் என்பது திரைப்படங்களில் மட்டும் நடக்கும். மனிதக் குரலின் ஒலியழுத்தம் பனியடுக்கை உடைக்கத் தேவையானதில் மிகச் சொற்பப் பங்குகூட இல்லை. வெடிவைத்தால் வரும், அதைத்தான் வேண்டுமென்றே செய்கிறார்கள். ஆபத்தான சமயத்தில் நண்பரை எச்சரிக்கத் தயங்காமல் கத்துங்கள்.

பலவீன அடுக்கு உள்ளே இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. பாதுகாப்பான இடத்தில், போக நினைக்கும் சரிவின் அதே திசையும் அதே உயரமும் உள்ள பகுதியில் ஒரு குழி தோண்டுகிறார்கள். குழியின் மேல்முகத்தில் 30 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு தூணைப் பக்கங்களில் ரம்பத்தால் அறுத்துத் தனியாக நிறுத்துகிறார்கள். தூணின் தலையில் மண்வெட்டியின் தட்டைக் கிடத்தி, முதலில் மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு. ஒன்றும் ஆகவில்லையென்றால் முழங்கையிலிருந்து பத்து. பிறகு தோளிலிருந்து கையை இறக்கிப் பத்து அடி. பலவீன அடுக்கு மோசமாக இருந்தால் மூன்றாவது, நான்காவது தட்டிலேயே தூணின் மேல்பாதி இழுப்பறை திறந்ததுபோல் நழுவி மடியில் வந்து விழும். உடைந்த தளம் வழவழப்பாக, கத்தியால் வெட்டியது மாதிரி இருக்கும். ஒருமுறை இதைப் பார்த்தவர்கள், பனி ஒரே பொருள் என்ற எண்ணத்தை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். ஆனால் தூண் உடையவில்லை என்பதற்காகச் சரிவு பாதுகாப்பானது என்று சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. பத்து மீட்டர் தள்ளித் தோண்டினால் வேறு விடை வரலாம். "போகாதே" என்று சொல்ல இந்தச் சோதனையை நம்பலாம். "போ" என்று சொல்ல நம்பக்கூடாது.

மலையேறாதவர்களும்

இதுவரை சொன்னது விரும்பி மலைக்குப் போகிறவர்களைப் பற்றியது. கடும் பனிப்பொழிவு நாட்கணக்கில் நீடிக்கும்போது சரிவுகள் தாமாகவே கிளம்பத் தொடங்கும். அப்போது வீட்டில் இருப்பவரும் சாலையில் போகிறவரும் அதன் பாதைக்குள் வந்துவிடுகிறார்கள். ஆஸ்திரியாவின் கல்ட்யூர் கிராமம் இதற்கு மறக்க முடியாத சான்று. 1999 ஜனவரி இறுதியிலிருந்து பிப்ரவரி முழுதும் ஆல்ப்ஸில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பெரிய பனிப்பொழிவுகள். பள்ளத்தாக்குச் சாலை மூடப்பட்டு, சுற்றுலாப் பயணிகளும் ஊர்மக்களும் உள்ளேயே சிக்கியிருந்தார்கள். பிப்ரவரி 23 மாலை நான்கு மணியளவில் எதிர்மலையிலிருந்து கிளம்பிய பனிமேகம் ஒரு நிமிடத்துக்குள் ஊருக்குள் புகுந்தது. 31 பேர் இறந்தார்கள். மறுநாள் பக்கத்திலுள்ள வால்ட்சூரில் மேலும் 7 பேர். கல்ட்யூரில் இடிந்த வீடுகள் பல, பாதுகாப்பானவை என்று வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்த பகுதியில் நின்றவை. அந்த வரைபடத்தை வரைந்தவர்கள் அலட்சியக்காரர்கள் இல்லை. அவர்கள் கைவசம் இருந்த பதிவுகளில் இவ்வளவு தூரம் வந்த சரிவு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். நூறு இருநூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதை, ஐம்பது ஆண்டு அனுபவத்தை வைத்து அளந்தால் இந்த இடைவெளி எப்போதும் இருக்கும்.

இமயமலையில் நிலைமை வேறு மாதிரி. அங்கே பனிச்சரிவில் சிக்குவோரில் பனிச்சறுக்கு வீரர்களைவிடப் படைவீரர்களும் சாலைத் தொழிலாளர்களும் மலைக்கிராமத்தாரும் அதிகம். 2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டின் மாணா கிராமத்தருகே எல்லைச் சாலைத் தொழிலாளர் முகாமைப் பனி மூடியது. சிக்கிய 54 பேரில் 46 பேர் மீட்கப்பட்டார்கள், 8 பேர் இறந்தார்கள். அவர்கள் தங்கியிருந்த இரும்புக் கொள்கலன்கள் நசுங்காமல் உள்ளே காற்றுக்கு இடம் விட்டதால்தான் பலர் பிழைத்தார்கள். சண்டிகரிலிருந்து பனிச்சரிவு முன்னறிவிப்பு வெளியிடும் பாதுகாப்புத்துறை ஆய்வு நிறுவனம், அந்த மாவட்டத்தில் 2,400 மீட்டருக்கு மேற்பட்ட பகுதிகளுக்கு முந்தைய நாள் மாலையே எச்சரிக்கை கொடுத்திருந்தது. அறிவிப்பு இருப்பது ஒன்று. முகாமில் உறங்குபவரை அங்கிருந்து கிளப்பும் அதிகாரத்தோடு அது வந்து சேர்வது இன்னொன்று.

ஊர்களைக் காக்க வழிகள் உண்டு. மிகப் பழையது காடு. அடர்ந்த மரங்கள் பனியைப் பிடித்துவைப்பதோடு, ஒரே பலகையாக இறுகவும் விடுவதில்லை. சுவிட்சர்லாந்தின் அண்டர்மாட் ஊருக்குமேலுள்ள காட்டில் மரம் வெட்டக்கூடாது என்று 1397லேயே சாசனம் எழுதிவைத்தார்கள். மரம் வளராத உயரத்தில், சரிவு கிளம்பும் இடத்திலேயே வரிசை வரிசையாக எஃகு வேலிகள் நடுகிறார்கள். சாலைமேல் சாய்வான கூரை போட்டுப் பனியை அதன்மேல் வழியவிடுகிறார்கள். கனடாவின் ராஜர்ஸ் கணவாய் போன்ற இடங்களில் நெடுஞ்சாலையை மூடிவிட்டு, பீரங்கியால் மேலே சுட்டு, சிறிய சரிவுகளாக முன்கூட்டியே இறக்கிவிடுகிறார்கள். பெரிதாகச் சேருமுன் இறக்கிவிடுவதுதான் அதன் சூட்சுமம்.

புதைந்த பிறகு

ஓடும்போது தண்ணீரைப்போல் ஓடிய பனி, நின்ற மறுகணமே இறுகிவிடுகிறது. உராய்வில் சூடேறிய துகள்கள் ஒன்றோடொன்று உறைந்து ஒட்டிக்கொள்வதால், புதைந்தவரால் பெரும்பாலும் விரலைக்கூட அசைக்க முடிவதில்லை. முதல் 10 நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரத்தில் அது மூன்றில் ஒருவர் என்ற அளவுக்குச் சரிந்துவிடுகிறது. குளிரைவிட மூச்சுத்திணறல்தான் முதலில் கொல்கிறது. வெளிவிடும் மூச்சு முகத்தருகே பனியை உருக்கி மறுபடி உறையவைத்து, காற்றுப் புகாத பனிக்கட்டி உறையை உருவாக்கிவிடும்.

இந்த நிமிடக் கணக்கில் எந்த மீட்புப் படையும் வந்து சேராது. கூட இருப்பவர்தான் மீட்புப் படை. ஆகவே மூன்று கருவிகள் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும்: சமிக்ஞைக் கருவி, நீண்ட மடக்குக் கம்பு, உலோக மண்வெட்டி. சமிக்ஞைக் கருவிகள் எல்லாம் உலகெங்கும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. மேலே இருப்பவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, புதைந்தவரின் கருவி அனுப்பும் துடிப்பைப் பின்தொடர்ந்து போவார்கள். நெருங்கியதும் கம்பால் குத்தி உடல் தட்டுப்படும் இடத்தைக் கண்டு, கம்பை அங்கேயே விட்டுவிட்டுத் தோண்ட வேண்டும். நேர்மேலே நின்று கிணறுபோல் தோண்டுவது வீண் உழைப்பு. சற்றுக் கீழ்ப்பக்கம் தள்ளி நின்று பக்கவாட்டில் தோண்டினால் பனியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, தள்ளிவிட்டாலே போதும். ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து ஒருவரை எடுக்க ஒரு டன்னும் அதற்கு மேலும் பனியை நகர்த்த வேண்டியிருக்கும். கருவிகளை வாங்கி, பயிற்சியே இல்லாமல் பையில் வைத்திருப்பவரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. கைகள் நடுங்கும் அந்த நேரத்தில் கையேட்டைப் புரட்ட முடியாது.

எத்தனை நாள் காத்திருப்பது?

பனிச்சரிவு ஆபத்தைக் குறிக்க ஐரோப்பிய நாடுகள் 1993 முதல் பொதுவான ஐந்து நிலை அளவுகோலைப் பயன்படுத்துகின்றன. 1 குறைவு, 2 மிதம், 3 கணிசம், 4 அதிகம், 5 மிக அதிகம். ஐந்தில் மூன்று என்றதும் நடுத்தரம் என்று நினைப்பது இயல்பு. அளவுகோல் சீராக ஏறுவதில்லை. ஒவ்வொரு நிலைக்கும் ஆபத்து மடங்காகக் கூடுகிறது. சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவு உயிரிழப்புகளில் ஏறத்தாழ பாதி இந்த 3ஆம் நிலையில் நிகழ்கிறது. 4, 5 என்றால் மலை தானே இரைந்துகொண்டிருக்கும், யாரும் போக மாட்டார்கள். 3இல் மலை அமைதியாக இருக்கும். யாராவது வந்து மிதிக்கக் காத்திருக்கும்.

பனிப்பொழிவு ஓய்ந்து, வானம் நீலமாகி, புதுப்பனி மின்னும் முதல் நாள் பெரும்பாலும் இந்த 3ஆம் நிலையில்தான் விடிகிறது. தாமாகக் கிளம்பும் சரிவுகள் பனி கொட்டும்போதே அதிகம். மனிதர் கிளப்புபவை அதற்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும். நாள்கணக்கில் விடுதியில் அடைந்து கிடந்தவர்கள் அன்றுதான் வெளியே பாய்கிறார்கள். ஏற்கெனவே யாரோ போன தடம் இருக்கிறது, ஆகவே சரிவு உறுதியானது என்று நம்புவதும் அன்றுதான். தடம் சொல்வது ஒன்றே ஒன்று: அவர் எடை பலவீனமான இடத்தில் படவில்லை.

இந்த நிலை எண்ணைவிட, பனிச்சரிவு முன்னறிவிப்பு அறிக்கையில் அதற்குக் கீழே எழுதியிருப்பது முக்கியம். எந்த வகைச் சிக்கல் என்று அங்கே குறிப்பிட்டிருப்பார்கள்; காத்திருக்க வேண்டிய காலம் அதைப் பொறுத்தது. புதுப்பனி என்றால் ஓரிரு நாளில், குளிர் கடுமையானால் இன்னும் சில நாளில் தணியும். காற்று குவித்த பனி என்றாலும் அப்படித்தான். முகடுகளையும் மறைவுப் பக்கங்களையும் அதுவரை விலக்கினால் போதும். ஈரப்பனி என்றால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்: இரவில் உறைந்து விடியலில் கெட்டியாக இருக்கும் சரிவு, வெயில் ஏறியதும் நம்பிக்கைக்கு உரியதல்ல, விடியற்காலையில் புறப்பட்டு நண்பகலுக்குமுன் இறங்கிவிடுவது மலையேறிகளின் பழக்கம். நீடிக்கும் பலவீன அடுக்கு என்று எழுதியிருந்தால் நாட்களை எண்ணுவதில் பயனில்லை. அது வாரக்கணக்கில் இருக்கும், மேற்பரப்பில் அறிகுறி காட்டாது, பத்துப் பேரை விட்டுவிட்டுப் பதினோராவது ஆளுக்கு உடையும். 30 டிகிரிக்குக் குறைந்த சாய்வுகளிலேயே அந்தப் பருவத்தைக் கழிப்பதுதான் அனுபவசாலிகள் செய்வது. கடைசியாக வழுக்கும் பனி: புல்வெளிச் சரிவில் மொத்தப் பனியும் தரையிலிருந்து விடுபட்டு மெல்ல நகரும், குறுக்கே வாய் பிளந்த வெடிப்பு தெரியும். அது அடுத்த மணியில் விழலாம், அடுத்த மாதமும் விழலாம், விழாமலே உருகியும் போகலாம். முன்னறிவிப்பாளர்கள் இதற்கு நேரம் குறித்துச் சொல்வதில்லை; வெடிப்புக்குக் கீழே நின்று ஓய்வெடுக்காதீர்கள் என்று மட்டும் சொல்கிறார்கள்.